கிளுவை வேலிக்குள்ளே ஒரு மேய்ச்சல் நாடு

பத்திரத்தில் அது புன்செய். கிராமக் கணக்கில், பயிர் வைக்காத வருடங்களில், பெரும்பாலும் தரிசு. மனைத் தரகர் வாயில் 'சும்மா கிடக்கிற இடம்'. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளக்கோவில், அரவக்குறிச்சிப் பக்கத்து மக்களுக்கு மட்டும் அது கொறங்காடு.

சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. உள்ளே நுழைய ஒரு முள்படல். படலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போனால் நான்கைந்து ஏக்கர் புல்வெளி. அங்கங்கே குடை விரித்தாற்போல வெள்வேலா மரங்கள். உச்சி வெயிலில் அந்த நிழலில் மாடுகள் அசை போட்டுக்கொண்டிருக்கும். கோவையிலிருந்து கரூர், திருச்சி பக்கம் போகிற எத்தனையோ பேர் இந்த நிலத்தின் ஊடாகத்தான் வாழ்நாள் முழுக்கப் பயணம் செய்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தெரிவது ஒரு பெயருள்ள, கணக்குள்ள, தலைமுறைகளாக வளர்த்தெடுத்த நிலம் என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை.

என் அம்மா பிறந்த ஊரில் அப்பச்சிக்கு இரண்டு கொறங்காடுகள் இருந்தன. கோடை விடுமுறைக்குப் போனால் எனக்கு ஒரே ஒரு வேலை: சாயங்காலம் மாடுகள் வெளியே வந்ததும் படலைச் சரியாக மூடுவது. ஒருநாள் மறந்துவிட்டேன். பக்கத்துக் காட்டு எருமை இரண்டு புகுந்து மேய்ந்துவிட்டன. அப்பச்சி என்னை அடிக்கவில்லை. மறுநாள் காலையில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், எருமை மேய்ந்த இடத்தையும் மேயாத இடத்தையும் காட்டினார். "புல்லு வேரோட போச்சுன்னா மறுபடி வர நாலு மழை வேணும் சாமி" என்றார். புல்லுக்கும் கணக்கு உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு காடுகளும் இப்போது இல்லை. ஒன்று நான்கு பாகமாகி, அதில் மூன்று பாகம் மனையாகிவிட்டது. இன்னொன்று தேங்காய்ப் பருப்பு காயவைக்கும் களம்.

இந்தக் கட்டுரை அப்படிப் போன காடுகளைப் பற்றியது. போகாமல் பிடித்து நிறுத்தப் பார்க்கிறவர்களைப் பற்றியதும்கூட.

மழைநிழல் கற்றுக்கொடுத்த வேளாண்மை

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்குப் பக்கமே இறக்கிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது காற்றுதான். காங்கேயம் வட்டாரத்தில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் சொச்சம். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். மண்ணோ சரளைச் செம்மண். கீழ்பவானி வாய்க்காலும் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலும் வந்தபிறகு வாய்க்கால் எட்டிய இடங்கள் வேறு வாழ்க்கைக்கு மாறின. எட்டாத மேட்டுக்காடுகளில் பயிரை நம்பினால் மூன்று வருடத்தில் இரண்டு வருடம் ஏமாற்றம். ஆகவே இங்கத்து உழவர்கள் புல்லை நம்பினார்கள்.

நம்பினார்கள் என்றால் சும்மா விட்டார்கள் என்று பொருளில்லை. கொறங்காடு தானாக முளைத்த பொட்டல் கிடையாது. அதன் முதன்மைப் புல் கொழுக்கட்டைப் புல். அடியில் கட்டியான தூர், ஆழமாக இறங்கும் வேர். மாதக்கணக்கில் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாட்களில் பச்சை கட்டிவிடும். கூடவே நரிப்பயறு போன்ற கொடிகள் படர்ந்து மாட்டுக்குப் புரதமும் மண்ணுக்குத் தழைச்சத்தும் தரும். வெள்வேலா மரம் அவரைக் குடும்பத்தது. அதுவும் மண்ணை வளப்படுத்தும். கோடையில் புல் தீர்ந்துபோகிற நேரம் பார்த்து அதன் காய்கள் உதிரும். ஆடுகளுக்கு அதுதான் சித்திரை, வைகாசித் தீனி. கிளுவையோ மழைக்காலத்தில் போத்து வெட்டி நட்டால் வேர் பிடித்துவிடும். கம்பி வேலிக்குக் காசு வேண்டாம், கல்லுக்கால் வேண்டாம். அந்த வேலிக்குள் கவுதாரி முட்டையிடும், ஓணான் குடியிருக்கும், கீரி ஓடும்.

ஒரு பண்ணயக்காரருக்கு மூன்று நான்கு கொறங்காடுகள் இருந்தால் ஒன்றில் மேய்த்து, மற்றவற்றைத் தழைய விடுவார். மாட்டுக்குப் பின்னால் ஆடு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லேசாக உழுது, சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்துவிட்டு, திரும்பவும் புல்லுக்கு விடுவதும் உண்டு. எந்தக் காட்டில் எத்தனை உருப்படி எத்தனை நாள் மேயலாம் என்பதைப் பெரியவர்கள் பார்வையாலேயே சொல்வார்கள். இன்றைக்கு மேய்ச்சல் நில மேலாண்மை என்று பல்கலைக்கழகங்களில் பாடமாக இருப்பது இதுதான்.

இதே கொழுக்கட்டைப் புல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. வறண்ட மேய்ச்சல் நிலத்துக்கு வரப்பிரசாதம் என்று விதைத்தார்கள். அது வேலி தாண்டிப் பரவி, அந்த மண்ணின் சொந்தச் செடிகளை அமுக்கி, இன்று அந்நாட்டின் பெரிய ஆக்கிரமிப்புத் தாவரங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. கொங்கு மண்ணில் அதைச் சுற்றி ஒரு வேலியும், அதை மேய ஒரு மாடும், அந்த மாட்டைத் திருப்ப ஒரு மனிதரும் இருந்தார்கள். புல்லும் வேலியும் மாடும் மனிதருமாகச் சேர்ந்ததுதான் கொறங்காடு. ஒன்றைப் பிடுங்கினால் மற்றவை நிற்காது.

மாட்டுக்கு வந்த கூட்டம் புல்லுக்கு வரவில்லை

காங்கேயம் மாடு இந்தப் புல்லில் விளைந்தது. கன்று பிறக்கும்போது செம்மை நிறம். வளர வளர நிறம் மாறி மயிலையாகும். காரி, செவலை, பிள்ளை என்று நிறம் சொல்லித்தான் இங்கே மாடு விசாரிப்பார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைத் தேர்ந்து பெருக்கியதில் பேர் பெற்றது. பழையகோட்டையில் ஞாயிறுதோறும் கூடும் மாட்டுத்தாவணியும், சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையும் காங்கேயம் மாட்டுக்கே உரியவை.

குறைந்த தீனி, கடும் வெயில், நீண்ட நடை, கனமான இழுவை. இத்தனைக்கும் ஈடு கொடுத்த காளைக்கு வேலை பறிபோனது படிப்படியாகத்தான். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது. கோவையில் மில்கள் பெருகின, மோட்டார் பம்ப் செய்யும் தொழில் பெருகியது. கிணற்றில் கவலை இறைத்த காளை முதலில் நின்றது. பிறகு டிராக்டர் வந்து ஏரை வாங்கிக்கொண்டது. லாரியும் டெம்போவும் வண்டியை வாங்கிக்கொண்டன. மிச்சம் இருந்தது பால். காங்கேயம் பசு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர் கறக்கும். கலப்பினப் பசு அதைப்போல நான்கு மடங்கு கறக்கும். சொசைட்டியில் பால் ஊற்றுகிற வீட்டுக்காரரிடம் எந்த மாட்டை வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்பதே நியாயமில்லை. கலப்பின மாடு கொறங்காட்டு வெயிலில் மேயாது. அதற்குக் கொட்டகையும் தண்ணீர் பாய்ச்சிய தீவனமும் வேண்டும். மாடு மாறியதும் காடு வேலையற்றுப் போனது.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. அதை எதிர்த்து 2017 ஜனவரியில் மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் லட்சக்கணக்கான இளைஞர்கள் கூடினார்கள். நாட்டு மாடு என்ற சொல் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போனது. காளையின் விலை ஏறியது. நகரத்தில் நாட்டுப் பசும்பாலுக்கு வரிசை நின்றது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மாடு எதை மேயும் என்ற கேள்வி அந்த மைதானங்களில் உரக்கக் கேட்கப்படவில்லை. மாட்டைத் தீவன மூட்டையில் வளர்த்துக் காட்சிக்கு நிறுத்திவிடலாம். அதன் குணம் புல்லில் இருக்கிறது. புல் போனால் சில தலைமுறைகளில் எஞ்சுவது காங்கேயம் என்ற பெயரும் அந்தத் திமிலும் மட்டும்தான்.

திண்ணையில் நடக்கிற நிலப் பாதுகாப்பு

நிலத்தைப் பாதுகாப்பது என்றதும் நம் மனதில் வருவது காடு, கம்பி வேலி, வனத்துறைச் சீருடை. கொறங்காட்டில் இவை எதுவும் செல்லாது. ஒவ்வோர் அங்குலமும் பட்டா நிலம். யாரும் யாரையும் விற்காதே என்று சொல்ல முடியாது. இங்கே வேலை செய்கிற தொண்டு நிறுவனத்தின் கையில் அதிகாரம் இல்லை, நிலம் இல்லை, பெரும்பாலும் பணமும் இல்லை.

அப்படித் தொடங்கியவர்களில் இரண்டு பெயர்களைச் சொல்லியாக வேண்டும். காங்கேயம் அருகே குட்டப்பாளையத்தில் கார்த்திகேய சிவசேனாபதி நடத்துகிற சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை ஒன்று. மதுரையைச் சேர்ந்த 'சேவா' இன்னொன்று. குட்டப்பாளையம் மாட்டிலிருந்து தொடங்கிப் புல்லுக்கு வந்தது: இனத் தூய்மை, பூச்சிக்காளை என்கிற பொலிகாளை, மாட்டுத்தாவணி என்று போய், கொறங்காடு இல்லாமல் எதுவும் நிற்காது என்ற இடத்தை அடைந்தது. ஜல்லிக்கட்டு வழக்கின்போதும் 2017 போராட்டத்தின்போதும் நாட்டு மாடுகளுக்காக அதிகம் பேசியவர்களில் சிவசேனாபதியும் ஒருவர். பிறகு தேர்தல் அரசியலுக்கும் வந்தார், 2021இல் தொண்டாமுத்தூரில் தி.மு.க. வேட்பாளராக நின்றார். 'சேவா'வின் பி. விவேகானந்தன் வேறு பாதை. உழவர்களின் சொந்த அறிவைப் பதிவுசெய்வதுதான் அவர் பணி. கொறங்காட்டை அறிவியல் உலகம் படிக்கும்படி எழுதி வைத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. நாட்டின் கால்நடை இனங்களைக் காப்பாற்றி வைத்திருக்கும் எளிய மனிதர்களைத் தேடிப்பிடித்து விருது கொடுக்கும் வழக்கத்தை உருவாக்கியதிலும் 'சேவா' முன்நின்றது.

இப்படி ஒரு வட்டாரக் குழுவை முன்நின்று நடத்துகிறவரின் ஒரு நாள் எப்படிப் போகும்? காலையில் ஒரு காட்டில் காய்ந்துபோன வேலிக்குக் கிளுவைப் போத்து எங்கே கிடைக்கும் என்ற கேள்வி. பத்து மணிக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் புலப்படம் வாங்க நிற்பது. மதியம் ஒரு வீட்டில் மூன்று அண்ணன் தம்பிகளின் பாகப்பிரிவினைப் பேச்சு. பன்னிரண்டு ஏக்கர் நாலு நாலாகப் பிரிந்தால் சுழற்சி மேய்ச்சல் அன்றோடு முடிந்தது. நிலம் பிரிந்தாலும் மேய்ச்சலைப் பிரிக்காமல் பொதுவில் வைத்துக்கொள்ளச் சம்மதிப்பார்களா என்று மூவரிடமும், முக்கியமாக மூன்று வீட்டு அம்மாக்களிடமும், பொறுமையாகப் பேச வேண்டும். சாயங்காலம் கொழுக்கட்டைப் புல் விதை சேகரிப்பு. அந்த விதை பஞ்சு போலக் காற்றில் பறக்கும். முதிர்ந்த சில நாட்களுக்குள் கையால் உருவி எடுக்காவிட்டால் அடுத்த வருடம்தான்.

இந்த வேலைக்குச் செயற்கைக்கோள் படம் பார்க்கத் தெரிந்த இளைஞர் வேண்டும், சந்தேகமில்லை. புல்லின் பெயரைத் தமிழில் சொல்லத் தெரிந்த எழுபது வயதுக்காரர் அதைவிட முக்கியமாக வேண்டும். எல்லாவற்றையும்விட, ஊர் வீடுகளின் நல்லது கெட்டதுக்குப் போய் உட்காருகிற ஒருவர் வேண்டும். கொங்கு நாட்டில் சீருக்கும் எழவுக்கும் வராத ஆள், நிலத்தைப் பற்றிப் பேசினால் ஒரு வாய் காப்பியோடு அனுப்பிவிடுவார்கள். "வாங்க தம்பி, நீங்க சொல்றது செரிதானுங்க, பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று பொருள். திட்ட அறிக்கையில் இதற்கு ஒரு பத்தியும் கிடையாது. நன்கொடை தருகிறவர்கள் மூன்று வருடத்தில் எத்தனை ஏக்கர் என்று கேட்பார்கள். ஒரு குடும்பத்தின் நம்பிக்கையைப் பெறவே மூன்று வருடம் ஆகும்.

கணக்கு எதிராகத்தான் இருக்கிறது. ஓர் ஏக்கர் கொறங்காட்டின் ஓராண்டு மேய்ச்சல் குத்தகையைவிட ஒரே ஒரு சென்ட் மனையின் விலை பன்மடங்கு. மகளுக்குக் கல்யாணம், மகனுக்குப் பொறியியல் படிப்பு, வீட்டில் ஒரு பெரிய நோய். எந்தக் குடும்பமும் ஆசைப்பட்டு விற்பதில்லை, அவசரத்துக்கு விற்கிறது. நான் பார்த்த கொறங்காட்டு விற்பனைகளில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரிச் செலவில்தான் தொடங்கின. ஆகவே நிலத்தைக் காப்பது என்றால் அந்த அவசரத்தைத் தாண்ட ஒரு வழி காட்டுவது. ஆட்டுக்குக் காப்பீடு, மேச்சேரி ஆட்டுக்கு நல்ல சந்தை, நாட்டுப் பாலுக்கும் நெய்க்கும் உரிய விலை, சாணத்துக்கும் புழுக்கைக்கும் விலை. கொறங்காட்டைக் காக்க நினைக்கிறவர் பாதி நாள் ஆட்டு வியாபாரம் பேசுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படக்கூடும். அந்தப் பேச்சுதான் வேலை.

பட்டா இல்லாதவர்களையும் இங்கே மறக்கக் கூடாது. கொறங்காட்டில் மேய்க்கிற கை பல நேரம் உடையவரின் கை அல்ல. பத்து ஆட்டை வைத்துப் பிழைக்கிற பெண்கள், பண்ணயத்தில் தலைமுறையாக மாடு பார்த்தவர்கள், குத்தகைக்குப் புல் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காடு விற்கப்படும்போது உடையவருக்குப் பணம் வரும். இவர்களுக்கு ஒரு சொல்கூட வராது. நிலப் பாதுகாப்புக் கூட்டம் என்று ஒன்றைக் கூட்டினால் நாற்காலியில் உட்காருகிறவர்கள் பட்டாக்காரர்கள். மேய்க்கிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள். குழுவின் தலைமைக்கு உண்மையான சோதனை இந்த வாசலில்தான். அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்காத எந்த அமைப்பும் நிலத்தின் பாதியைத்தான் பார்க்கிறது.

இந்தச் சில ஆண்டுகளில் புதிதாக ஒரு துயரம் சேர்ந்திருக்கிறது. காங்கேயம், வெள்ளக்கோவில், தாராபுரம் பகுதிகளில் இரவில் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்கிறது. செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி உழவர்கள் மறியல் செய்தார்கள். அரசு இழப்பீடு அறிவித்தது. கொல்லும் நாய்கள் எங்கிருந்து வந்தன? கிராமச் சாலையோரம் கோழிக் கழிவும் இறைச்சிக் கழிவும் கொட்டப்படுவதே காரணம் என்பது ஊர்க்காரர்களின் பதில். ஒரே இரவில் பத்து ஆட்டை இழந்த வீட்டில் மறுநாள் பேசப்படுவது ஆட்டை விற்றுவிடுவதா என்பதுதான். அதற்கு அடுத்த பேச்சு காட்டை விற்பது.

குளத்துக்குக் கிடைத்த கைகள்

கோவைக்காரர்கள் இயற்கைக்காக இறங்க மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 2003 வறட்சியில் உருவான 'சிறுதுளி' நொய்யலின் குளங்களைத் தூர்வாரத் தொடங்கியது. 2017 முதல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு ஞாயிறுதோறும் மண்வெட்டியோடு இறங்குகிறது. பேரூர்க் குளமும் வெள்ளலூர்க் குளமும் அந்தக் கைகளை அறியும். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் பின்னால் உள்ளூர் இயற்கை ஆர்வலர்களின் பல வருடப் பறவைக் கணக்கு இருக்கிறது.

குளத்துக்கு மூன்று வசதிகள் உண்டு. அது புறம்போக்கு, யாருடைய பட்டாவும் இல்லை. அதற்குக் கரை உண்டு, எது உள்ளே எது வெளியே என்று தெரியும். தூர்வாரி மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், படம் எடுக்கலாம். கொறங்காட்டுக்கு இந்த மூன்றும் இல்லை. நன்றாக இருக்கும் கொறங்காடு பங்குனியில் பார்த்தால் காய்ந்த பொட்டல் மாதிரிதான் தெரியும். ஆர்வத்தோடு வருகிற நல்ல மனதுக்காரர்கள் அதில் குழி வெட்டி மரக்கன்று நட்டுவிடுகிறார்கள். நெருக்கி மரம் நட்டால் நிழலில் புல் சாகும். புல்வெளிக்கு மரம் நடுவது எப்போதும் தொண்டு ஆகிவிடாது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பட்டா நிலத்திலும் பாதுகாப்பு முடியும் என்பதற்குக் கோவை மாவட்டத்துக்குள்ளேயே சான்று இருக்கிறது, வால்பாறையில். 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், பெரும்பகுதி தேயிலை. இடையில் தீவு தீவாக மழைக்காட்டுத் துண்டுகள், பலவும் எஸ்டேட் கம்பெனிகளின் கையில். மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை சார்பில் திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் இருவரும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே தங்கி, எஸ்டேட்டுகளோடு உடன்பாடு செய்து, உண்ணிச்செடியை அகற்றி, அந்தக் காட்டுக்கே உரிய மரக்கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நட்டு வருகிறார்கள். அதே நிறுவனத்தின் எம். ஆனந்தகுமார் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாகவும் சிவப்பு விளக்காகவும் மக்களுக்குச் சொல்லும் ஏற்பாட்டுக்காக 2015இல் விட்லி விருது பெற்றார். அவர்கள் ஒரு சில கம்பெனிகளோடு பேசினால் போதும். கொறங்காட்டுக்காரர் ஆயிரக்கணக்கான குடும்பங்களோடு பேச வேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான். தங்கி இருப்பது, பொறுத்திருப்பது, உடையவரைப் பகைக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் இரண்டு இடத்துக்கும் பொது.

எழுதிக் கொடுக்க ஒரு வழி வேண்டும்

அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லையில் 1994இல் மாடு வளர்ப்பவர்களே சேர்ந்து 'மால்பாய்' என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார்கள். அங்கேயும் இதே கதைதான்: வறட்சி, கடன், நிலத்தைத் துண்டு போட்டு விற்கும் தரகர்கள். அவர்கள் ஒரு 'புல் வங்கி' வைத்தார்கள். வறட்சியில் தவிக்கிறவர் தன் மாடுகளைக் 'கிரே' என்ற பெரிய பண்ணையின் புல்லுக்கு ஓட்டிவிடலாம். அதன் மதிப்புக்கு ஈடாக, தன் நிலத்தை எக்காலத்திலும் மனையாகத் துண்டாட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நிலம் அவருடையதே, மகனுக்குப் போகும், விற்கவும் செய்யலாம். வாங்குகிறவரையும் அந்த எழுத்து கட்டும்.

நம் நாட்டில் இப்படி எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் நேரான வழி இல்லை. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் தடப் பாத்தியம், தண்ணீர்ப் பாத்தியம் போல ஒரு நிலத்துக்கும் இன்னொரு நிலத்துக்கும் இடையிலான உரிமையைத்தான் பேசுகிறது. புல்லுக்காக, வருங்காலத்துக்காக ஓர் உழவர் ஒரு அறக்கட்டளைக்கு வாக்குக் கொடுத்தால் அது வெறும் ஒப்பந்தம். நிலம் கைமாறினால் காற்றோடு போகும். 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டத்தின் கீழ் மதுரை அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. கொறங்காட்டின் நல்ல மாதிரிகள் சிலவற்றுக்கு, உடையவர்கள் விரும்பி முன்வந்தால், அந்தத் தகுதியைக் கேட்கலாம். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஓக் மரமும் புல்லும் மாடும் பன்றியும் சேர்ந்த தனியார் மேய்ச்சல் காடுகள் லட்சக்கணக்கான ஹெக்டேரில் நிற்கின்றன. அங்கே அந்த நிலத்துக்குச் சட்டத்திலும் வழக்கிலும் தனிப் பெயர் இருக்கிறது. நமக்கும் பெயர் இருக்கிறது. அரசாங்க ஏட்டில்தான் அது ஏறவில்லை.

மின்சாரத்துக்கும் ஒரு வார்த்தை. காற்றாலைக்குக் கீழே மாடு மேயலாம். மேய்ந்துகொண்டும் இருக்கிறது. சூரியமின் பலகை பரப்பும்போது வேலி வெட்டப்படுகிறது, வெள்வேலா வெட்டப்படுகிறது, தரை வழிக்கப்படுகிறது. சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கூரைகள் இத்தனை இருக்கிற திருப்பூர், கோவை ஆலைகளை விட்டுவிட்டுப் புல்வெளியை முதலில் தேடிப் போவது தவறு. ஒரத்துப்பாளையம் அணையை நாம் மறக்கவில்லை. 1992இல் பாசனத்துக்கு என்று கட்டியது, சாயக்கழிவைத் தேக்கி, அதைச் சுற்றிய காடுகளையும் கிணறுகளையும் கெடுத்தது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. வளர்ச்சியின் கணக்கை நிலம் பிறகு ஒருநாள் கேட்டது.

ஐக்கிய நாடுகள் அவை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான பன்னாட்டு ஆண்டாக அறிவித்திருக்கிறது. தமிழ்நாடு அரசுக்கு இந்த ஆண்டை ஒட்டி ஒரே ஒரு கோரிக்கை. திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கிராமம் கிராமமாகக் கொறங்காடுகளைக் கணக்கெடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில், தரிசு என்று எழுதும் இடத்தில், கொறங்காடு என்று எழுத ஓர் ஆணை போடுங்கள். அதற்கு நிலம் எடுக்க வேண்டியதில்லை, யார் உரிமையையும் பறிக்க வேண்டியதில்லை. கணக்கில் பெயர் வந்தால்தான் மானியம் கேட்கலாம், காப்பீடு கேட்கலாம், மேய்ப்பவருக்குப் பங்கு கேட்கலாம். எத்தனை ஏக்கர் இருந்தது, எத்தனை போயிற்று என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லலாம். கிளுவை இன்னும் நிற்கிறது, புல் இன்னும் தூரோடு இருக்கிறது. அந்த ஆணை இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் வரட்டும்.